பிள்ளைக்கு எத்தனை வயது?



கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் மூதூர். பாலம் கடந்தால் கிண்ணியா. அங்கிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன தாய்மார் அனுப்பிய காசில் படித்து இன்று பட்டம் பெறுவோர் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள்.

2013 ஜனவரியில், வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன மூதூர் ரிசானா நபீக்குக்குச் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். நாடே கொதித்தது. ரிசானா பிள்ளைக்காரி அல்ல. ஆனாலும் அவ்வாண்டு பூட்டு விழுந்தது தாய்மாருக்குத்தான். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ வேண்டும்; ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் பயணமில்லை. கட்டட வேலைக்கு விமானம் ஏறிய தகப்பனிடம் பிள்ளையின் வயதை ஒருவரும் விசாரிக்கவில்லை. 2022இல் டொலருக்குத் தட்டுப்பாடு வந்தது, ஐந்து இரண்டாகியது. பிள்ளைகளின் நலன்தான் காரணமென்றால், கஜானா காலியான வருஷம் பார்த்து அது ஏன் இளகியது?

‘நாங்கள் பட்டதாரிகள், எங்களுக்கென்ன’ என்று இருந்துவிடாதீர்கள். நேர்முகத் தேர்வில் உங்களிடமும் வரும்: கலியாணம் முடிச்சாச்சா, பிள்ளை பெறுகிற யோசனை இருக்கா? கேட்பவர் மனதுக்குள் கணக்குப் போடுகிறார். பிரசவ லீவு 84 நாள். இரண்டு பிள்ளை உள்ளவருக்கு 42 நாள்தான் என்றிருந்த அநியாயத்தை 2018இல் திருத்தினார்கள், நல்லது. கர்ப்பத்தைக் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் சட்டம் இடந்தராது. ஆனால் தனியார் துறையில் அந்த நாட்களின் சம்பளம் முழுவதும் முதலாளியின் தலையில். அதனால் நிறுத்துகிற வேலையே வைப்பதில்லை. முதலிலேயே எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதற்குச் சாட்சியும் இராது.

இந்தியாவில் ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வருவோருக்கு, முதலாளியும் தொழிலாளியும் மாதாமாதம் கட்டும் பொது நிதியே பிரசவகாலச் சம்பளத்தைக் கொடுக்கிறது. அப்படியொரு நிதி இங்கேயும் வேண்டும். அங்கே எல்லாம் சரியென்று சொல்ல வரவில்லை: மூன்று மாதம் கடந்த கர்ப்பிணிகள் வேலையில் சேரத் ‘தற்காலிகமாகத் தகுதியற்றோர்’ என்று எழுதிய விதியை, எதிர்ப்புக்குப் பின் ஸ்டேட் வங்கி கைவிட்டதும் அதே 2022இல்தான்.

நமது பல்கலைக்கழகங்களில் பெண்பிள்ளைகளே அதிகம். தொழிற்படையிலோ நாட்டுப் பெண்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர்தான். இடையில் எங்கே தொலைகிறார்கள் என்று ஆராய இன்னொரு ஆணைக்குழு தேவையில்லை.

சில வருஷத்தில் உங்களில் சிலர் அந்த நேர்முகத் தேர்வு மேசைக்கு மறுபுறம் இருப்பீர்கள். கேள்வியைப் படிவத்திலிருந்து வெட்டிவிடுங்கள். வெட்ட அதிகாரமில்லையென்றால், அடுத்து உள்ளே வரும் ஆணிடமும் அதையே கேட்டுப் பதிலை எழுதி வையுங்கள்.

வெக்கையாக இருக்கிறது, அங்கியோடு உங்களை இதற்குமேல் இருத்தி வைக்கக் கூடாது. வாழ்த்துகள்.