நாய்க்கடி: ஜீரோவில் இருந்து எண்ணணும்

இந்த வாரம் டெக் இல்ல. என்னை ஒரு நாய் கடிச்ச கதை. நான் பண்ணின தப்பை நீங்க பண்ணக்கூடாதுன்னுதான் சொல்றேன்.

போன மாசம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி. ரிலீஸ் வேலை முடிச்சுட்டு பதினொன்றரைக்கு வந்து பைக்கை நிறுத்துறேன். தெருமுனையில தினமும் பார்க்கிற நாய்தான். கெண்டைக்காலைக் கவ்விட்டு ஓடிடுச்சு. ஜீன்ஸைச் சுருட்டிப் பார்த்தா ரெண்டு பல் தடம், லேசா ரத்தம். ரூம்மேட் மஞ்சள்தூள் டப்பாவோட வந்தான். நான் துடைச்சுட்டு, ஒரு பேண்ட்எய்ட் ஒட்டிட்டு, "சனிக்கிழமை பாத்துக்கலாம்டா"ன்னு படுத்துட்டேன். காலையில போன்ல அம்மா திட்டின திட்டுலதான் அரசு மருத்துவமனைக்கே போனேன்.

ஊசி போடுற நர்ஸ் அக்கா கேட்ட முதல் கேள்வி: "சோப்பு போட்டுக் கழுவினீங்களா தம்பி?"

"துடைச்சேன்க்கா."

பேண்ட்எய்டைப் பிரிக்கச் சொல்லி குழாயைக் காட்டினாங்க. "பதினஞ்சு நிமிஷம். போன்ல டைமர் வெச்சுக்கோங்க."

ஏன் சோப்பு? ரேபிஸ் வைரஸுக்கு வெளியில கொழுப்பாலான ஒரு உறை இருக்கு. சோப்பு அதைச் சிதைச்சிடும், ஓடுற தண்ணி மிச்சத்தை அடிச்சுட்டுப் போயிடும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் இந்த வேலையைச் செய்யாது. புண்ணைத்தான் கெடுக்கும். கடிச்ச உடனே, வீட்டுக் குழாயிலேயே நான் செஞ்சிருக்க வேண்டிய வேலை இது. பத்து மணி நேரம் வீணாக்கிட்டேன்.

அப்புறம் வகை பார்த்தாங்க. காயமே இல்லாத தோலை நக்கினா முதல் வகை, கழுவினா போதும். ரத்தம் வராத கீறல்னா ரெண்டாவது வகை, தடுப்பூசி வேணும். தோல் கிழிஞ்சு ரத்தம் வந்தாலோ, புண், கண், வாயில எச்சில் பட்டாலோ மூணாவது வகை. அதுக்குத் தடுப்பூசியோட இம்யூனோகுளோபுலினும் வேணும். நான் மூணாவது.

"கையில ஊசி போட்டாச்சே, இது வேற எதுக்குக்கா?"ன்னு கேட்டேன். விஷயம் இதுதான். தடுப்பூசி போட்டதும் நம்ம உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்க ஒரு வாரத்துக்கு மேல ஆகும். வைரஸ் அதுவரைக்கும் காத்திருக்காது, நரம்பு வழியா மூளையை நோக்கி நகர ஆரம்பிக்கும். அந்த இடைவெளிக்காக ரெடிமேடா எதிர்ப்பொருளைக் கொண்டுவந்து காயத்துக்குள்ளேயே, சுத்தியும் போடுறாங்க. வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா மூணாவது வகைக் கடிக்கு இதைத் தவிர்க்கக்கூடாது. முதல் நாளே போடணும். விட்டுப்போச்சுன்னா, முதல் தடுப்பூசியில இருந்து 7 நாளுக்குள்ள போட்டாகணும்.

தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு தாத்தா காலத்துக் கதை கேட்டிருப்பீங்க. அது ஆட்டு மூளையில இருந்து எடுத்த பழைய மருந்து, இப்போ கிடையாது. எனக்குப் போட்டது நாலு நாள் கணக்கு: 0, 3, 7, 28. ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையிலயும் தோலுக்குள்ள 0.1 மில்லி. காசு வாங்கல. தனியார்ல தசையில போட்டா 0, 3, 7, 14, 28-ன்னு அஞ்சு ஊசி. முதல் ஊசி போடுற நாள்தான் ஜீரோ. சீட்டுல அதைப் பார்த்ததும், "எண்ணத் தெரிஞ்சவங்க"ன்னு சந்தோஷப்பட்டேன்.

அக்கா சிரிக்கல. "மூணாவது ஊசியோட நிறைய பேர் நின்னுடுறாங்க தம்பி. காயம் ஆறிடும், மறந்துடும்."

"நாய் நல்லாத்தானே இருந்துச்சு, பத்து நாள் பார்க்கலாமா?"ன்னு நானும் கேட்டேன். நாயைக் கவனிக்கலாம், தப்பில்ல. ஆனா ஊசியை ஆரம்பிச்சுட்டுத்தான் கவனிக்கணும். அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட யாருமே பிழைக்கிறதில்ல. என் தெரு நாயை அந்த ராத்திரிக்கப்புறம் யாரும் பார்க்கல. அது நல்லா இருக்கா, செத்துப்போச்சான்னு எனக்குத் தெரியாது.

இதைப் பதிவு பண்ணும்போது எனக்கு 26-வது நாள். காயம் இருந்த இடத்துல ரெண்டு புள்ளி மட்டும்தான். நாளை மறுநாள் காலை மீட்டிங்குக்கு வரமாட்டேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். உங்க வீட்டுல, பிஜில யாராவது பாதியில ஊசியை நிறுத்தியிருந்தா, இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.