அகராதியில் அகப்பட்ட ஒரு சொல்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருத்துவர் என்பதால் நீரிழிவு பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று அதை விட்டுவிடுவோம். எங்கள் வகுப்பு இந்தக் கல்லூரியில் கற்ற ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

தொண்ணூறுகளின் முதற்பாதி. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. பகலில் கொப்பிக்குத் தட்டுப்பாடு. நூலகத்தில் இருந்த ஒரேயொரு பெரிய ஆங்கில அகராதியை மேசையில் வைத்து ஐந்தாறு பேர் சுற்றி நின்று பார்ப்போம். ஒருநாள் 'சிரீன்' என்ற சொல்லைத் தேடினோம். அதற்கு மேலே 'செரண்டிப்பிற்றி' என்றொரு சொல் இருந்தது. செரண்டிப் என்பது இலங்கையின் பழைய பெயர் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. எங்கள் நாட்டின் பெயர் வெள்ளைக்காரனின் அகராதிக்குள் ஒளிந்திருக்கிறதே என்று பேராச்சரியம். தேடிய சொல்லை மறந்துவிட்டோம்.

நல்ல அதிர்ஷ்டம் என்றுதான் அதற்குப் பொருள் கொண்டோம். அடுத்த தவணைக் கட்டுரையில் பாதி வகுப்பு அதை எழுதி வைத்திருந்தது. எங்களில் ஒருத்தி, குண்டு இரண்டு ஒழுங்கை தள்ளி விழுந்ததையும், செரண்டிப்பிற்றியால் தன் வீடு தப்பியதையும் எழுதியிருந்தாள். ஆங்கில ரீச்சர் அந்த வரியின் கீழ் மெல்லிய கோடு மட்டும் போட்டிருந்தார். வகுப்பில் பெயர் சொல்லாமல் பேசினார்.

"பிள்ளையள், தப்பினது சந்தோஷம். ஆனால் குண்டு விழுந்த ஒழுங்கையிலும் ஆக்கள் இருந்தவை. அதுக்கு இந்தச் சொல்லைப் பாவிக்காதேங்கோ."

பிறகு சொல்லின் கதையைச் சொன்னார். 1754 ஜனவரி 28ஆம் திகதி ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர், புளோரன்சில் இருந்த நண்பர் ஹொரஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல்லைத் தானே உருவாக்கினார். செரண்டிப் நாட்டு இளவரசர் மூவரின் கதையை அவர் வாசித்திருந்தார். அது பாரசீகக் கதை மரபில் வந்து, 1557இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சான கதை. இளவரசர்கள் வழியில் ஓர் ஒட்டகத்தின் தடயங்களைக் காண்கிறார்கள். பாதையின் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருக்கிறது. மற்றப் பக்கத்தில் அதைவிட நல்ல புல். ஆகவே ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடு என்று உய்த்துணர்கிறார்கள். காணாத ஒட்டகத்தின் அடையாளத்தை நால்வர் சொல்லும் கதை தமிழிலும் உண்டு. எங்கள் அம்மம்மாமார் அதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒட்டகம்தான் இந்தச் சொல்லுக்குள் நிற்கிறது என்பது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

"தேடாத ஒன்று தற்செயலாக் கண்ணில படுறது பாதி. பட்டது என்னெண்டு விளங்கிறது மற்றப் பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் இந்தச் சொல்," என்றார் ரீச்சர். லொத்தர் விழுந்தால் அது செரண்டிப்பிற்றி அல்ல. தேடிக்கொண்டிருந்ததே கிடைத்தாலும் அல்ல. 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங்கின் தட்டில் பூஞ்சணம் விழுந்தது தற்செயல். அதைச் சுற்றி பக்ரீரியா அழிந்திருப்பதைக் கண்டு, தட்டைக் கழுவ அனுப்பாமல் ஏன் என்று யோசித்ததுதான் அந்தச் சொல்.

நாங்கள் நன்றாக விளங்கிக்கொண்டோம் என்று நினைத்தோம். இல்லை என்பது மருத்துவரான பிறகு தெரிந்தது.

நாங்கள் வேலை செய்த ஒரு விடுதியில் குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்காக ஓர் ஐயா அனுமதிக்கப்பட்டார். மயக்கமருந்து கொடுக்க முன் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு நிழல். பரிசோதித்தோம், புற்றுநோய். மாதாந்தக் கூட்டத்தில் அந்த நோயாளரைப் பற்றிப் பேசும் முறை எங்களுக்கு வந்தது. பள்ளிக்கூடத்துச் சொல் கைகொடுத்தது. 'ஒரு செரண்டிப்பிற்றி' என்று தலைப்பிட்டோம். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மூத்த நிபுணர் ஒருவர் ஒரே கேள்வி கேட்டார்: "பழைய படம் ஏதும் இருக்கோ?"

ஐயாவின் மனைவி எல்லாவற்றையும் ஒரு கடைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார். கிளினிக் கொப்பிக்குள் மடித்திருந்த படம் பதினான்கு மாதம் பழையது. இருமலுக்கு எடுத்தது. அதே இடத்தில் அதே நிழல், சிறிதாக. கொப்பியில் 'குறிப்பிடும்படி எதுவுமில்லை' என்று எழுதியிருந்தது. கையெழுத்து எங்களுடையது.

தலைப்பை அழித்தோம். அந்த அம்மாவையும் ஐயாவையும் இருத்தி, நடந்ததை மறைக்காமல் சொன்னோம். அம்மா படத்தை வாங்கி, மடிப்புக் கலையாமல் மீண்டும் பைக்குள் வைத்தார். "இனிச் செய்யவேண்டியதைச் செய்யுங்கோ பிள்ளையள்," என்றார். சிகிச்சைக்குப் பின் ஐயா சில ஆண்டுகள் வாழ்ந்தார். பதினான்கு மாதம் முன்பே கண்டிருந்தால் இன்னும் எத்தனை ஆண்டுகள் என்ற கணக்கு எங்களுக்கு இன்னும் தீரவில்லை.

அந்த நிழல் முதல் தடவையே எங்கள் கண்முன் வந்தது. தற்செயல் தன் பங்கைச் செய்துவிட்டது. மற்றப் பாதி எங்களிடம் இருக்கவில்லை. ஒழுங்கைக் கதைக்கு ரீச்சர் போட்ட மெல்லிய கோட்டின் பொருள் அன்றுதான் முழுதாக விளங்கியது. எங்களுக்கு நல்லதாகத் தெரிவதற்கு ஒரு அழகான பெயர் வைக்க முன், அது மற்றவருக்கு என்னவாக இருந்தது என்று பார்க்கவேண்டும்.

அதன் பிறகு, வேறெதற்கோ எடுத்த படத்தில் ஏதாவது தெரிந்தால், எங்கள் முதற் கேள்வி "பழைய கொப்பி, பழைய படம் கொண்டுவந்தனீங்களோ?" என்பதுதான். புதிதாக வரும் இளம் மருத்துவர்களுக்கும் அதையே பழக்குகிறோம். அவர்களுக்கு ஒட்டகக் கதையும் சொல்கிறோம்.

அந்த ரீச்சர் இன்று எம்மிடையே இல்லை. அவரிடம் படித்த அக்காமார் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் கட்டுரைக் கொப்பிகளில் அவர் கோடு போட்ட வரிகள் எவை என்று தேநீர் வேளையில் எங்களுக்குச் சொல்லுங்கள். எங்களுக்குத் தப்பிப்போன பாடங்கள் அவற்றில் இருக்கலாம்.

நூறு ஆண்டு கண்ட எமது கல்லூரி வாழ்க.