வாயிற்காவலனின் மொழி: முனைய உள்நுழைவுக் கருவியும் அதன் கையேடும்



இலக்கணத்தையும் உரைமரபையும் பற்றிப் பேசவேண்டிய மேடையில் கணினியின் உள்நுழைவுக் கருவியைப் பொருளாக எடுத்துக்கொண்டது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். நாம் பொறியாளர் அல்லேம். ஆயினும், அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பலர் கைமாறிக் காத்துவரும் ஒரு சிறு நிரலும், அதனை விளக்கும் சில பக்கக் கையேடும் மொழியைப் பற்றி நமக்கு நிறையக் கற்பிக்கின்றன. நூலும் உரையும் ஒன்றையொன்று தழுவி வாழும் மரபு நமக்குப் புதிதன்று. ஆகவே அக்கண்கொண்டே இதனைக் காண முயல்வோம்.

கருவியும் அதன் பணியும்

யூனிக்ஸ் வழிவந்த கணினி ஒன்றைக் கட்டளை வரியில் பயன்படுத்த விழைபவர் முதலில் காண்பது, பெயரைக் கேட்கும் ஒரு சொல்லும் அதனை அடுத்த முக்காற்புள்ளியுமே. அச்சொல்லைத் திரையில் இடும் நிரலுக்குக் ‘கெட்டி’ என்று பெயர். நம் செவிக்கு இது தமிழ்ச்சொல்லாகவே ஒலிக்கும். உண்மையில் இது ‘பெறு’ என்னும் பொருள்தரும் ஆங்கில வினையும், தொலைத்தட்டச்சுப்பொறியைக் குறிக்கும் ‘டிடிஒய்’ என்னும் குறுக்கமும் இணைந்த கூட்டுச்சொல். பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1971 நவம்பரில் வெளியிட்ட யூனிக்ஸ் முதற்பதிப்புக் கையேட்டிலேயே இந்நிரல் இடம்பெற்றுள்ளது.

இதன் பணி எளிது. கணினி விழித்தெழுந்ததும் தாய்நிரல் ஒவ்வொரு முனையத்திற்கும் ஒரு கெட்டியை அமர்த்துகிறது. அது முனையத்தின் வேகத்தையும் பண்புகளையும் ஒழுங்குசெய்து, வரவேற்பு வாசகத்தைக் காட்டி, பெயரைக் கேட்டுப் பெறுகிறது. பெற்றதும் தன் இடத்தை ‘லாகின்’ என்னும் மற்றொரு நிரலுக்கு விட்டுக்கொடுத்து மறைகிறது. லாகின் கடவுச்சொல்லைக் கேட்டுச் சரிபார்த்து, பயனரை உள்ளே விடுகிறது. அவர் பணிமுடித்து வெளியேறினால், மீண்டும் ஒரு கெட்டி வாயிலில் வந்து நிற்கிறது.

இன்று லினக்ஸ் கணினிகளில் பரவலாக வழங்குவது ‘ஏகெட்டி’ என்னும் வடிவம். இதன் மூலத்தை எழுதியவர் வீட்சே வெனிமா. பின்னர்ப் பீட்டர் ஊர்பெக் இதனை லினக்ஸுக்குக் கொணர்ந்தார். இப்போது ‘யூட்டில்-லினக்ஸ்’ என்னும் தொகுப்பின் ஓர் உறுப்பாக, காரல் ஸாக் முதலியோரின் பேணலில் இது வாழ்கிறது. ஒருவர் இயற்றியதை மற்றொருவர் கொண்டுசென்று இன்னொருவர் காக்கும் இம்மூன்று நிலைகளையும் ஏட்டுச்சுவடிகளின் வரலாற்றை அறிந்த நீங்கள் எளிதில் உணர்வீர்கள்.

சூத்திரம் போன்ற கையேடு

யூனிக்ஸ் கையேட்டுப் பக்கத்திற்கு ஒரு வரையறுத்த அமைப்பு உண்டு. பெயர், சுருக்கம், விளக்கம், கோப்புகள், தொடர்புடையவை எனப் பகுதிகள் முறையே வரும். குறைகளைக் கூறவும் அதில் தனிப்பகுதி உண்டு. முதற்பதிப்பிலேயே இவ்வழக்கம் தொடங்கிவிட்டது. தம் படைப்பின் குறையைத் தாமே தலைப்பிட்டு எழுதிவைக்கும் இந்நேர்மை பாடநூல் எழுதுவோரும் கைக்கொள்ளத்தக்கது. அப்பதிப்பில் ஒவ்வொரு பக்கத்தின் இறுதியிலும் அந்நிரலுக்குப் பொறுப்பானவர் யார் என்பதும் குறிக்கப்பட்டிருந்தது.

‘சுருக்கம்’ என்னும் பகுதி மொழியியலார்க்கு மிகவும் சுவையானது. எந்தச் சொல் கட்டாயம் வரவேண்டும், எது வந்தாலும் வராவிட்டாலும் பிழையில்லை, எது பலமுறை வரலாம் என்பனவற்றைச் சதுர அடைப்புக்குறிகளாலும் புள்ளிகளாலும் ஒரே வரியில் அது சொல்லிவிடுகிறது. தொடரமைப்பு விதியை எழுத நாம் கையாளும் குறியீட்டு முறையும் இதனை ஒத்ததே.

ஏகெட்டிக்கு முனையத்தின் பெயரைத் தரவேண்டும், வேகத்தையும் தரலாம். இவற்றுள் எது முன், எது பின் என்பதில் பழைய முறைமைகளுக்குள் வேறுபாடு இருந்தது. நிரலைப் பேணுவோர் ஒரு முறையைத் தள்ளி மற்றொன்றைக் கொள்ளவில்லை, இரண்டையும் ஏற்றனர். வேகம் எண்ணாக வரும். முனையப் பெயர் அவ்வாறு வாராது. ஆகவே வரிசை மாறினும் பொருள் மயங்குவதில்லை. ‘கண்ணன் பழத்தை உண்டான்’ என்பதைப் ‘பழத்தைக் கண்ணன் உண்டான்’ என மாற்றினும் உருபு பொருளைக் காப்பது போன்றதே இது. அடையாளம் சொல்லிலேயே இருக்குமிடத்தில் வரிசைக்கு உரிமை கிடைக்கிறது.

வழக்கொழிந்தவற்றின் சுவடுகள்

ஒரு மொழியில் பழைய வடிவங்கள் எச்சமாக நிற்பதுபோல இக்கருவியிலும் பழைய இயந்திரங்களின் எச்சங்கள் நிற்கின்றன. மூன்றைச் சுட்டுவோம்.

முதலாவது, பெரிய எழுத்துப் பற்றியது. 1963இல் வெளிவந்த டெலிடைப் 33 போன்ற பொறிகள் ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை மட்டுமே அச்சிட வல்லவை. ஆதலால் பயனர் தம் பெயரை முழுதும் பெரிய எழுத்தில் தந்தால், அவரது பொறி அத்தகையது என்று கெட்டி ஊகித்துக்கொண்டு எழுத்துமாற்றம் செய்தது. ஏகெட்டியில் இப்பண்பு இன்றும் உண்டு, ஆயின் கேட்டால் மட்டுமே செயற்படும். யூனிகோடு எழுத்துகளுக்கு இது பயன்படாது என்பதையும் கையேடு வெளிப்படையாகக் கூறுகிறது. பெரிது சிறிது என்னும் பாகுபாடே இல்லாத தமிழ் எழுத்தை நினைத்துப் பார்த்தால் இக்குறிப்பின் அருமை விளங்கும்.

இரண்டாவது, அழித்தற்குறி. தாளில் அச்சிடும் பொறியில் எழுதியதை அழிக்க இயலாது. ஆகவே ‘முந்தைய எழுத்தைப் புறக்கணி’ என்பதற்கு ‘#’ என்பதையும், ‘வரி முழுவதையும் புறக்கணி’ என்பதற்கு ‘@’ என்பதையும் வழங்கினர். திரை வந்தபின்னும் இவ்வழக்கம் நீங்கவில்லை. மின்னஞ்சல் முகவரி போன்ற பெயரால் உள்நுழைபவர் ‘@’ குறியை இட்டதும், அதுவரை இட்ட எழுத்துகள் யாவும் கைவிடப்படும் நிலை இதனால் நேர்ந்தது. யூட்டில்-லினக்ஸ் 2.23 ஆம் பதிப்பு முதல் இவ்விரு குறிகளும் இயல்பாக அப்பொருளில் கொள்ளப்படுவதில்லை. கையேடு இதனை எவ்வாறு கூறுகிறது என்பதே நாம் கருதவேண்டியது. முன்னர் இருந்த வழக்கத்தையும், அது எந்தப் பதிப்பில் மாறியது என்பதையும், பழையதை வேண்டுவோர் அதனை மீளப்பெறும் வழியையும் அது ஒருங்கே தருகிறது. பழம்பாடத்தைச் சுட்டி, தாம் கொண்ட பாடத்தையும் கூறிச் செல்லும் நல்ல உரையாசிரியரின் செயலும் இத்தகையதே.

மூன்றாவது, உறைந்துபோன ஒரு சொல். தொலைபேசிக் கம்பிவழியே ஒரு கணினி மற்றொரு கணினியை அழைத்த காலத்தில், மறுமுனையில் ‘லாகின்’ என்னும் சொல் வருகிறதா என்று நிரல்கள் காத்திருந்தன. அதன் முதலெழுத்துப் பெரிதாக வரலாம், சிறிதாக வரலாம், இரைச்சலில் தொலைந்தும் போகலாம். ஆகவே முதலெழுத்தை விட்டு ‘ஓகின்’ என்னும் எஞ்சிய பகுதிக்கு மட்டும் காத்திருக்குமாறு எழுதிவைத்தனர். கடவுச்சொல்லைக் கேட்கும் சொல்லையும் இவ்வாறே தலையிழந்த வடிவில் தேடினர். மனிதர்க்கென எழுந்த ஒரு சொல் இயந்திரங்களுக்கு இடையிலான அடையாளமாகிவிட்டது. இத்தகைய சொல்லை மாற்றவோ மொழிபெயர்க்கவோ முனைபவர், அதனை நம்பியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கேட்போரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாம் செய்த ஒரு பிழை

இங்கு நம் தவறு ஒன்றைக் கூறுவது தகும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் அமர்ந்து, பயிற்சிக்காக உள்நுழைவுச் செய்திகளைத் தமிழாக்கினோம். பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தாதபோது லாகின் தரும் செய்தி, உள்நுழைவு தவறு என்னும் அளவிலேயே நிற்கும். இது ‘குன்றக் கூறல்’ என்னும் குற்றத்திற்கு ஆளாகிறது என்று நாம் கருதினோம். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் முதலாவது அது அன்றோ! ஆகவே, “இப்பெயரில் பயனர் எவரும் இலர்” என்றும், “கடவுச்சொல் பொருந்தவில்லை” என்றும் இரு தெளிவான தொடர்களை அமைத்தோம். அழகாக எழுதிவிட்டோம் என்று மகிழவும் செய்தோம்.

அப்போது மாணவி ஒருவர் எழுந்து, “ஐயா, திருடன் கதவைத் தட்டினால் யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று நாமே சொல்லிவிடலாமா?” என்று கேட்டார். நமக்கு அப்போதுதான் தெளிவு பிறந்தது. எந்தப் பெயர் உள்ளது, எது இல்லை என்பதை அயலான் அறியலாகாது என்பதற்காகவே அச்செய்தி வேண்டுமென்றே குறைத்துக் கூறப்பட்டுள்ளது. இல்லாத பெயரைத் தந்தாலும் கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டே லாகின் மறுப்பதன் காரணமும் இதுவே. ஓரிடத்தில் குற்றமாவது பிறிதோரிடத்தில் காவலாகிறது. நம் இரு தொடர்களையும் அடித்துவிட்டு, “உள்நுழைவு ஏற்கப்படவில்லை” என்று ஒரே தொடராக்கினோம். சொல்லின் பொருளை அறிவது போதாது, அச்சொல் அங்கு நிற்பதன் நோக்கத்தையும் அறிந்தே பெயர்க்கவேண்டும் என்னும் பாடத்தை அன்று ஆசிரியர் மாணவரிடம் கற்றார்.

தமிழ் நுழையும் வாயில்

வாயிலில் தமிழ் எந்த அளவு நுழைய இயலும் என்பதையும் பார்ப்போம். ‘தமிழ்’ என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. யூனிகோட்டில் அது ஐந்து குறியீடுகள். யூடிஎப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு வீதம் பதினைந்து பைட்டு. முனையம் யூடிஎப்-8 முறையை அறியாததாயின் அழிக்கும் விசை ஒவ்வொரு பைட்டாக நீக்கும். அறிந்ததாயின் ஒவ்வொரு குறியீடாக நீக்கும். ஆகவே ‘ழ்’ என்பதை அழிக்க முதலில் புள்ளியும் பின்னர் ழகரமும் என இருமுறை அழுத்தவேண்டும். லினக்ஸின் வெற்று முனையத்தில் எழுத்துரு 512 வடிவங்களுக்கு மேல் தாங்காது. குறியீடுகளை இணைத்து எழுத்தாக்கும் திறனும் அதற்கு இல்லை. ‘கொ’ என்பதன் ஒரு கூற்றை முன்னும் மறுகூற்றைப் பின்னும் இட அது அறியாது.

ஏகெட்டியின் கையேட்டில் குறைகளைக் கூறும் பகுதியில், வரவேற்பு வாசகமும் பெயர்கேட்கும் சொல்லும் எப்போதும் ஏழு பிட்டு எழுத்துகளாகவே வெளியிடப்படும் என்று ஒரு குறிப்பு உண்டு. தொடர்கம்பி முனையங்களின் காலத்து வாசகம் அது. ஏழு பிட்டுக்குள் தமிழ் அடங்காது. இன்றைய நிரலின் செயலும் இவ்வாசகமும் எல்லா முனையங்களிலும் ஒத்துச்செல்கின்றனவா? மாணவர்களே, இதனை எவரையும் கேளாமல் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வரவேற்பு வாசகக் கோப்பில் ஒரு தமிழ்த்தொடரை இட்டு, முனையத்துக்கு முனையம் என்ன நேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒத்துச்செல்லாவிடில் ‘மாறுகொளக் கூறல்’ நேர்ந்துள்ளது என்பதைப் பேணுவோர்க்குச் சான்றுடன் எழுதுங்கள். அதுவே ஆவணப் பேணலில் உங்கள் முதற்பணியாகலாம்.

பேணல் என்னும் அறம்

யூட்டில்-லினக்ஸின் கையேட்டுப் பக்கங்கள் நெடுங்காலம் ஒரு பழைய அச்சுக்குறிமொழியில் எழுதப்பட்டிருந்தன. 2021இல் அவை எளிதாகப் படிக்கவும் திருத்தவும் தக்க ‘அஸ்கிடாக்’ நடைக்கு மாற்றப்பட்டன. பனையோலையிலிருந்து தாளுக்குப் பெயர்த்தெழுதியது போன்ற பணி அது. பொருளில் புதுமை ஏதும் இல்லை, ஆனால் புதிதாகத் திருத்த வருவோர்க்குக் கதவு அகன்றது.

புதியது படைப்போரைப் போற்றும் உலகம் பழையதைக் காப்போரை எளிதில் மறந்துவிடுகிறது. கையேட்டில் ஒரு வரியைத் திருத்தியவர்க்கு விருது இல்லை. ஆயினும் அவ்வரி தவறாயின், எங்கோ நள்ளிரவில் பழுதான கணினியின் முன் தனித்திருப்பவர் வழிதவறுவார்.

தமிழில் நாம் பெயர்ப்பதில் காட்டும் ஆர்வத்தைப் பேணுவதில் காட்டுவதில்லை. தமிழாக்கம் வெளியீட்டு விழாவோடு முடிந்துவிடுகிறது. மூலம் வளர்கிறது, பெயர்ப்பு நின்றுவிடுகிறது. நாமும் மாணவர்களும் செய்த அத்தமிழாக்கமும் அவ்வாறே நின்றது. இரண்டாண்டு கழித்து அதனை எடுத்துப் பார்த்தபோது, எந்தப் பதிப்பைப் பார்த்துப் பெயர்த்தோம் என்பதே நமக்குத் தெரியவில்லை. பதிப்பெண்ணைக் குறிக்க மறந்திருந்தோம். காலங்கடந்த கையேடு, கையேடு இல்லாமையினும் தீது. இல்லாதபோது ஒருவர் வேறிடத்தில் தேடுவார், தவறானது இருந்தால் அதனை நம்பிவிடுவார்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வகுப்பு ஒரே ஒரு பக்கத்தைத் தமிழாக்கட்டும். அதன் தலைப்பில் மூலத்தின் பதிப்பெண்ணையும் நாளையும் பொறிக்கட்டும். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு புதிய பக்கத்தைத் தேடாமல், அதே பக்கத்தை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தட்டும். மொழித்திறனும் தொழில்நுட்ப அறிவும் பொறுப்புணர்வும் அவ்வொப்பீட்டில் ஒருசேர வளரும்.

ஒவ்வொருவர் வெளியேறிய பின்னும் கெட்டி மீண்டும் வாயிலில் வந்து நிற்கிறது என்று தொடக்கத்தில் கூறினோம். பேணுவோர் பணியும் அத்தகையதே. ஆண்டுதோறும் அவ்வாயிலுக்கு ஒரு வகுப்பேனும் திரும்பி வருமாயின், இவ்வுரை பயன்பெற்றதாகக் கொள்வோம்.