முற்றத்தில் தொடங்கிய பள்ளி

மும்பையில் தாராவியிலோ மாதுங்காவிலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மூன்று வயது நிரம்பிய குழந்தையைத் தாய் அருகிலுள்ள பாலர் பள்ளியில் கொண்டு விடுகிறாள். ஆசிரியை அறிந்தது மராத்தி. குழந்தை அறிந்தது தமிழ். தாகம் எடுத்த குழந்தை "தண்ணி" என்று கேட்கிறது. "பாணி" என்ற சொல்லையே கேட்டுப் பழகிய ஆசிரியைக்கு அது விளங்கவில்லை. நாலைந்து நாள் அழுத குழந்தை, பிறகு கேட்பதையே விட்டுவிடுகிறது. "இக்குழந்தை மந்தமாக இருக்கிறது" என்று ஆசிரியை கருதுகிறார். "பள்ளியில் குழந்தையைக் கவனிப்பார் இல்லை" என்று தாய் வருந்துகிறாள். இருவர் மீதும் குற்றமில்லை. வீட்டில் ஓயாமல் பேசும் குழந்தை அது என்பதை ஆசிரியைக்கு எவரும் சொல்லவில்லை. பள்ளியில் அது வாய் திறப்பதில்லை என்பதைத் தாய்க்கும் எவரும் சொல்லவில்லை. இடையில் துன்புறுவது குழந்தை.

வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள இத்தகைய தொலைவைக் குறைக்கும் வழியை, மும்பைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள போர்டி என்னும் கிராமம் நமக்குக் காட்டியிருக்கிறது. குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் சேர்ந்து குழந்தைக் கல்விப் பணியாற்றியவர் தாராபாய் மோடக் அம்மையார். அவர் 1945ஆம் ஆண்டில் போர்டியில் கிராமக் குழந்தைகளுக்கென ஒரு கல்வி நிலையத்தைத் தொடங்கினார். அனுதாய் வாக் அம்மையார் அவருக்குத் துணை நின்றார்.

பள்ளி திறந்தாயிற்று, ஆனால் தாழ்த்தப்பட்ட மக்களின் குழந்தைகள் வரவில்லை. பிள்ளைகளை அனுப்பாத பெற்றோரைக் கடிந்துகொள்வது எளிது. அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. பள்ளியையே அம்மக்களின் குடியிருப்புக்குக் கொண்டு சென்றார். வீட்டு முற்றத்தில் குழந்தைகளைக் கூட்டி, அவர்களைத் தூய்மைப்படுத்தி, பாட்டும் விளையாட்டும் கற்பித்தார்கள். முற்றத்துக்கு அங்கே 'ஆங்கண்' என்று பெயர். அங்கன்வாடி என்று இன்று நாடெங்கும் வழங்கும் சொல்லின் வேர் அந்த முற்றமே. 1957இல் இப்பணி கோஸ்பாடு என்னும் இடத்துக்கு, வார்லிப் பழங்குடி மக்களிடையே சென்றது. மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே பாடம் நடந்தது. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பால் பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்காக, குழந்தைக் காப்பகமும் பாலர் பள்ளியும் தொடக்கப் பள்ளியும் ஒரே இடத்தில் அமைந்தன.

குடும்பத்தின் நிலையை முதலில் அறிந்து, அதற்கேற்பப் பள்ளியை அமைத்ததே இவ்வம்மையார் இருவரின் சிறப்பு. 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அங்கன்வாடி என்ற பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. வீடுகளுக்குச் சென்று வருவதும் தாய்மாரைக் கூட்டிப் பேசுவதும் அங்கன்வாடிப் பணியாளரின் கடமைகளுள் அடங்கும். ஆகவே அவர் நம் வாயிலுக்கு வரும்போது, ஏதோ கணக்கெடுக்க வந்தவர் என்று எண்ணி நின்றபடியே அனுப்பிவிடலாகாது. உள்ளே அழைத்து அமரச் செய்து, குழந்தையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுதல் வேண்டும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நாம் செய்யத்தக்கவை இன்னும் சில உண்டு. தண்ணீர், பசி, வலி, தூக்கம், வெளிக்குப் போக வேண்டும், அம்மா எப்போது வருவாள் என்பன போல் பத்துச் சொற்களை, ஆசிரியை படிக்கக்கூடிய எழுத்தில் எழுதி, பொருளுடன் அவரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் அண்டை வீட்டாரின் உதவியை நாடலாம். குழந்தை எதற்கு அஞ்சும், எந்தப் பாட்டைக் கேட்டால் அழுகையை நிறுத்தும் என்பதையும் சொல்லுங்கள். பள்ளியில் பாடும் பாட்டு ஒன்றை ஆசிரியையிடம் கேட்டறிந்து வீட்டில் குழந்தையுடன் பாடுங்கள். ஆசிரியையின் மொழி நமக்குச் சரளமாக வராதே என்று கூசி வாயிலிலேயே நின்றுவிட வேண்டா. தட்டுத்தடுமாறிப் பேசினாலும் குழந்தையின் செய்தி அவரைச் சென்றடையும். தாய்க்கு நேரமில்லையெனில் தந்தையோ பாட்டியோ செல்லலாம்.

"வீட்டிலும் தமிழை விட்டுவிட்டு எங்கள் மொழியையே பேசுங்கள்" என்று சில ஆசிரியைகள் நல்லெண்ணத்துடன் கூறுவதுண்டு. அதை அன்புடன் மறுக்கலாம். வீட்டு மொழியில் கதை கேட்டு, கேள்வி கேட்டு வளரும் குழந்தைக்கு இரண்டாம் மொழியைக் கற்பதும் எளிதாகிறது. இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் வீட்டு மொழியோ, தாய்மொழியோ, வட்டார மொழியோ பயிற்று மொழியாக இருத்தல் வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கூறுகிறது. எல்லாப் பள்ளிகளிலும் தமிழாசிரியை கிடைப்பது அரிது. ஆகவே அப்பொறுப்பு நம் வீட்டைச் சேர்ந்தது.

ஆசிரியைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பேசாத குழந்தையை மந்தமென்று முடிவு செய்யுமுன், அதன் தாயிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள். "தண்ணி" என்ற ஒரு சொல்லை நீங்கள் கற்றுக்கொண்டு சொன்னால், அக்குழந்தை உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அதற்குப் பிறகு உங்கள் மொழியைக் கற்க அது தயங்காது.