மே 23



தஞ்சாவூர்க்காரர்களுக்கு உயரம் என்றால் பெரிய கோயில் விமானம்தான். 216 அடி. அதை விட்டால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயலும் வாய்க்காலும். இந்த மண்ணில் நின்று எவரெஸ்ட் ஏறிய பெண்ணைப் பற்றிப் பேசலாமா? பேசலாம். மே மாதக் கடைசியில் வாய்க்காலைத் தூர் வாரிவிட்டு, குடகில் மழை இறங்கியதா, ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று காத்திருக்கிறோம் அல்லவா? அதே நாட்களில் எவரெஸ்ட் அடிவாரத்திலும் அதே பருவமழைக்குத்தான் நாள் எண்ணுகிறார்கள். நமக்கு அது வர வேண்டும். அவர்களுக்கு அது வருவதற்குள் ஏறி இறங்கியாக வேண்டும். உச்சியில் வீசும் பேய்க்காற்று தணிந்து, மழையும் வந்து சேராத சில நாட்கள்தான் அவர்களுக்குக் கெடு.

அப்படிப்பட்ட ஒரு நாள், 1984 மே 23. பகல் ஒரு மணி ஏழு நிமிடத்துக்கு பச்சேந்திரி பால் உச்சியில் கால் வைத்தார். எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண். மறுநாள் அவருக்கு முப்பது வயது.

அவர் பிறந்தது உத்தரகாசி பக்கம் நாகுரி என்ற சின்ன ஊர். வீட்டில் பணம் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நிற்க வேண்டிய நிலை. பச்சேந்திரி விடவில்லை. துணி தைத்துச் சம்பாதித்தார், மேலே படித்தார். சம்ஸ்கிருதத்தில் எம்.ஏ., பிறகு பி.எட். இவ்வளவு படித்தும் படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. உத்தரகாசியிலேயே இருந்த நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தார். டீச்சர் வேலைக்குப் போகாமல் இதென்ன என்று வீட்டாருக்கு வருத்தம். எந்த வீட்டில்தான் இருக்காது?

உச்சிக்கு ஒரு வாரம் முன்பு நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். மே 15 இரவு. எவரெஸ்ட்டை ஒட்டிய லோட்சே மலைச்சரிவில், ஏறத்தாழ 24,000 அடி உயரத்தில், நைலான் கூடாரத்துக்குள் தூக்கம். நள்ளிரவு தாண்டியதும் மேலேயிருந்து பெரிய பனிப்பாறை ஒன்று உடைந்து முகாம் மேலேயே சரிந்தது. பின்னந்தலையில் அடி. மூச்சுவிட முடியாமல் பனிக்குள் புதைந்து கிடந்தார். உடனிருந்த லோப்சாங் கத்தியால் கூடாரத்தைக் கிழித்து, பனியைத் தோண்டி அவரை வெளியே இழுத்தார். அடிபட்ட பலர் கீழே இறங்கிப் போனார்கள். பயமாக இருக்கிறதா என்று குழுத் தலைவர் கர்னல் குல்லர் பச்சேந்திரியிடம் கேட்டார். ஆமாம் என்றார். திரும்பிப் போகிறாயா என்றார். மாட்டேன் என்றார். அந்த ‘ஆமாம்’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். பயமே தெரியாதவள் என்று அவரை யாரும் புகழ வேண்டியதில்லை. பயத்தை ஒப்புக்கொண்டுதான் மேலே போனார்.

போய் வந்தபின் புகழோடு உட்கார்ந்துவிடவும் இல்லை. ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் சாகச அமைப்பை நடத்தி, வருஷக்கணக்கில் பெண்களை மலைக்கு அழைத்துப் போனார். 1993-ல் அவர் தலைமையில் போன இந்திய-நேபாளப் பெண்கள் குழுவில் ஏழு பெண்கள் உச்சி தொட்டார்கள். ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டுக் காலை இழந்த அருணிமா சின்ஹா தேடிப் போனதும் இவரைத்தான். 2013-ல் அருணிமா செயற்கைக் காலோடு எவரெஸ்ட் ஏறினார்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். 2023, அதே மே 23. விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி உச்சியில் நின்றார். எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண், இரண்டு பெண் குழந்தைகளின் தாய். சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். உலகிலேயே முதலில் எவரெஸ்ட் ஏறிய பெண்ணும் ஜப்பான்காரர்தான், ஜுன்கோ தாபெய், 1975-ல். மூன்று வயது மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். பணம் கேட்டுப் போன இடங்களில், பிள்ளை வளர்க்க வேண்டிய பெண்களுக்கு மலை எதற்கு என்றார்கள். பியானோ சொல்லிக்கொடுத்துச் சேர்த்தார், கார் உறையை வெட்டிக் கையுறை தைத்தார், போனார்.

அந்தக் கேள்வி நம் ஊரிலும் உண்டு. “பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?” விடிகாலையில் சேற்றில் இறங்கி, பொழுதுக்கும் முதுகு நிமிராமல் நாற்று நடும் பெண்களைப் பார்த்து வளர்ந்த நாம் இதைக் கேட்கலாமா? அந்த உடம்பில் இல்லாத வலுவா, அந்த மூச்சில் இல்லாத பொறுமையா?

ஆகவே இங்கே வந்திருக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். என்.சி.சி. மாணவிகளை உத்தரகாசிக்கும் டார்ஜிலிங்குக்கும் மலையேற்றப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். நாலு வாரப் பயிற்சி. உங்கள் கல்லூரியிலிருந்து இந்த வருஷம் ஒரு பெண்ணாவது போகட்டும். அவள் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அம்மாவைக் கேள், மாமாவைக் கேள் என்று தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே போட்டுக் கொடுங்கள்.