எங்க தெருவுக்கு ஏண்ணே பேரே இல்ல?

(அமிர்தி கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தம்பி கேட்டாரு: "அண்ணே, எங்க தெருவுக்கு ஏண்ணே பேரே இல்ல? வெறும் காலனின்னுதான் போட்டிருக்கு."

தெருப் பேர்னா என்னன்னு முதல்ல பார்ப்போம். சென்னை பாண்டி பஜார் தெரியும். பாண்டிச்சேரியை வச்சு வந்த பேர்னு பல பேர் நினைக்கிறாங்க. இல்லீங்க, அது சௌந்தரபாண்டியனார் பேரு. இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவரா இருந்தப்போ, தாழ்த்தப்பட்ட மக்களை ஏத்த மறுக்கிற பஸ்சுக்கு லைசென்ஸ் ரத்துன்னு உத்தரவு போட்டவர். 1920-களில் மாம்பலம் பக்கம் உருவான அந்தப் புறநகருக்கே பிட்டி தியாகராயர் பேரு. பூங்காவுக்குப் பனகல் அரசர், சாலைக்கு உஸ்மான். நீதிக்கட்சி வரலாற்றைப் பலகையிலேயே படிச்சிடலாம்.

நம்ம வேலூருக்கு வாங்க. சி.எம்.சி. இருக்கிற சாலை ஐடா ஸ்கடர் சாலை. 1900-ல ஒரே ஒரு படுக்கையோட வைத்தியம் பார்க்க ஆரம்பிச்ச அம்மா அவங்க. ஆம்பூர்ல கஸ்பான்னு இருக்கு. அரபுலருந்து உருது வழியா வந்த சொல், சின்ன நகரம்னு அர்த்தம். யார் யார் வந்து வாழ்ந்தாங்கன்னு அந்தப் பேரே சொல்லுது. அதுல யாருக்கும் அவமானம் இல்ல.

ஆனா காலனி? டவுன்ல "டீச்சர்ஸ் காலனி"ன்னா கௌரவம். கிராமத்துல வெறும் "காலனி"ன்னா கதையே வேற. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். சேரிங்கிற சொல்லு உட்கார்ந்திருந்த திண்ணையில இங்கிலீஷ் சொல்லு வந்து உட்கார்ந்துக்கிச்சு, அவ்வளவுதான். ஷூ கம்பெனி வேலைக்கு விண்ணப்பம் எழுதுற நம்ம பொண்ணு முகவரியில அந்த ஒரு வார்த்தையை எழுதினா போதும். சாதியைத் தனியா கேட்கவே வேணாம்.

2025 ஏப்ரல் 29-ல், அரசு ஆவணங்கள்ல இருந்து "காலனி" என்ற சொல் நீக்கப்படும்னு சட்டமன்றத்துல முதலமைச்சர் அறிவிச்சாரு. அக்டோபர்ல தெரு, குடியிருப்புகளோட சாதிப் பேரை மாத்த அரசாணையும் வந்தது. அதை எதிர்த்து மதுரைக் கிளையில வழக்கும் வந்தது. மாத்தணும்ங்கிறதுல நமக்கு ரெண்டு கருத்து இல்ல.

ஆனா ஒரு பழைய கதையை மறக்கக் கூடாது. 1997-ல வீரன் சுந்தரலிங்கம் பேர்ல அரசு போக்குவரத்துக் கழகம் வந்தப்போ, அந்தப் பேர் எழுதின பஸ்ல ஏற மாட்டோம்னு சிலர் கிளம்பினாங்க. சௌந்தரபாண்டியனார் உத்தரவு போட்ட அதே தென்மாவட்டம்! கலவரம், உயிர்ப்பலி. கடைசியில போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள்ல இருந்த தலைவர் பேர் எல்லாத்தையும் எடுத்தாங்க. நம்ம மாவட்டம் 1989-ல இருந்து என்ன பேர்ல இருந்தது? வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அந்தக் காலகட்டத்துலதான் அம்பேத்கர் பேரும் போச்சு. சாதியை ஒழிக்கிறோம்னு சொல்லி, சாதியை எதிர்த்தவர் பேரை எடுத்தது என்ன நியாயம்?

அதனாலதான் சொல்றோம்: பழைய பேரை எடுத்துட்டு ரோஜா தெரு, மல்லிகை தெருன்னு ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதிட்டுப் போறதை நாம ஏத்துக்கக் கூடாது. அங்க குடியிருக்கிறவங்கதான் பேர் சொல்லணும். அம்பேத்கர்னு கேட்டா அம்பேத்கர். அந்த மண்ணுல உழைச்ச ஒரு பாட்டி பேரைக் கேட்டா அந்தப் பாட்டி பேரு. ஆதார், ரேஷன் கார்டு, பட்டாவுல மாத்த ஒரு பைசா வாங்கக் கூடாது, யாரும் சம்பளத்தை விட்டுட்டு அலையவும் கூடாது.

கேள்வி கேட்ட தம்பி, அடுத்த கிராம சபைக்கு உங்க தெரு ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க. முந்தின ராத்திரியே ஒரு பேரை முடிவு பண்ணுங்க. தீர்மானப் புத்தகத்துல எழுதின பிறகு கையெழுத்துப் போடுங்க, நகல் வாங்காம எழுந்திரிக்காதீங்க. நம்ம கிளைத் தோழர்கள் கூட வருவாங்க. நீங்க முடிவு பண்ணின பேரை கீழே கமெண்ட்ல எழுதுங்க.