விரல் படிக்கும் எழுத்து



கண்ணிழந்தோர்க்கு எழுத்தளித்தவன் கண்ணுடைய பேரறிஞன் அல்லன், கண்ணிழந்த சிறுவன். பிரஞ்சு நாட்டுக் கூப்ரே என்னும் ஊரில் 1809-இல் பிறந்த இலூயி பிரெயில், மூன்றாம் அகவையில் தந்தையின் தோற்பட்டறையில் கூர்ங்கருவி பட்டுப் பார்வையிழந்தான். பாரிசுப் பள்ளியில் அவன் கையிற் கொடுக்கப்பட்டவை, இலத்தீன் எழுத்தையே புடைப்பாக அச்சிட்ட பெரும்பொத்தகங்கள். கண்ணுக்கென வரைந்த வடிவம் விரலுக்கு எங்ஙனம் விளங்கும்? படித்தல் அரிது, எழுதுதலோ இயலாது. பார்பியே என்பார் வகுத்திருந்த பன்னிரு புள்ளி முறையை ஆறாகச் சுருக்கி, ஒரு விரல்நுனியில் அடங்குமாறு 1824-இல், தன் பதினைந்தாம் அகவையில், அவன் அமைத்தான். ஆறு புள்ளிகளால் 63 வடிவங்கள்! அவன் 1852-இல் மறைந்தான். பிரஞ்சு அரசு அவ்வெழுத்தை முறையாக ஏற்றதோ 1854-இல்.

இந்திய மொழிகட்குப் பொதுவான புள்ளிமுறை 1951-இல் வந்தது. பொது என்றவுடன் ழகரத்தை விழுங்கிவிட்டனரோ என்று ஐயுறல் வேண்டா; ழ, ற, ன மூன்றிற்கும் அதில் தனி வடிவம் உண்டு. மற்றொன்றும் நோக்குக. அச்சில் 'கொ' என்னுமிடத்துக் கொம்பு முன்னும் கால் பின்னுமாகக் ககரத்தைச் சூழ்ந்து நிற்கும். புள்ளியெழுத்திலோ ககரம் முன், ஒகரம் பின். மெய்யை அடுத்தே உயிர் ஒலிக்கும் என்று தொல்காப்பியர் கண்ட முறையே விரலின்கீழ் வருகின்றது!

இன்று கணிப்பொறித் திரையிலுள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள் உண்டு. புள்ளிகள் தாமே எழுந்தமரும் தட்டும் உண்டு. ஆயின் அவற்றிற்கு எழுத்து எழுத்தாகவே கிட்டல் வேண்டும். பக்கத்தைப் படம் பிடித்து வைத்தால் அக்கருவிகட்கு அது வெற்றுத்தாள். அச்சகத்தார் தத்தம் மனம்போல் அமைத்த பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்போ வெறும் உளறல். ஒருங்குறியிலிருந்தால் நொடியில் ஒலியாகும், புள்ளியாகும்.

சட்டம் தடுக்கின்றதா? இல்லை. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பார்வையற்றோர் படிக்கத்தக்க படியை ஊதியம் கருதாது ஆக்குதற்கு உரியவர் ஒப்புதல் வேண்டா என்கின்றது. 2013-ஆம் ஆண்டு மராக்கேசு உடன்படிக்கையை உறுதிசெய்த முதல் நாடும் இந்தியாவே (2014).

எனவே தடை நம் பதிப்பகங்களின் பேழையில் உறங்குகின்றது. தமிழ் படி, தமிழ் படி எனப் பறையறைவோர், தாம் வெளியிட்ட நூல்களின் கோப்புகளை முதற்கண் ஒருங்குறியாக்கி, கேட்கும் பார்வையற்ற மாணாக்கனிடம் அன்றே கொடுக்கட்டும். அவன் ஒருவரிடம் படித்துக்காட்டுமாறு வேண்டி நிற்பது ஏன்?